சொந்த ஊர் ஓட்டு

ஷட்டரை எட்டி உதைத்தது டேனியல் அண்ணன். ஆட்டோ ஓட்டுகிற கால், உதை சரியாகவே விழுந்தது. பூட்டு தெறித்து என் நெற்றியில் பட்டது. நான் நிமிர்வதற்குள் எட்டாம் பிளாக் ஆம்பளைகள் மொத்தமாக என் ஆபீஸுக்குள் இருந்தார்கள். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து, அதில் நாலு மெஷின், ஒரு மேசை விசிறி, ஒரு டிவி, நான்.

"இன்னா ரோஸு பண்ணி வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே என் கன்னத்தில் ஒன்று விட்டார்.

நான் மணற்கேணி ஹவுசிங் போர்டில் கேபிள் ரோஸ்லின். அடி வாங்கிப் பழக்கமில்லை, கொடுத்துத்தான் பழக்கம். கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. அதன் பிடியால் அவர் மூக்கில் திருப்பி ஒன்று வைத்தேன். ரத்தம் கொட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் மனுஷப் பேச்சு வந்தது.

"அடிக்கிறியே, டிவியில இன்னா வருதுன்னு மொதல்ல பாரு" என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

பார்த்தேன். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளை எழுத்து: 'நீங்கள் சுரங்க இணைப்பு வழியாக வருகிறீர்கள். கோதா நிகழ்ச்சி உங்களுக்குக் கிடைக்காது.'

அன்று கோதாவில் இறங்கியிருந்தவன் என் தம்பி எபினேசர்.

கோதா தெரியாதவர்கள் இந்த நாட்டில் இல்லை. தெரியாத மாதிரி நடிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பேர் மோதுவார்கள். கையில் துணிச்சுற்று மட்டும், உறை கிடையாது. இத்தனை ரவுண்டு என்று கணக்கும் கிடையாது. நடுவர் நிறுத்தக்கூடாது. அடி வாங்குகிறவன் காலில் விழுந்தாலும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு ரவுண்டும் கால் மணி நேரம், முடிவில் மணி அடிப்பார்கள். அப்போது கீழே விழுந்தவனுடைய சொந்த ஊர் ஜனங்கள் அவரவர் வீட்டு டிவியிலிருந்து 'போதும்' அல்லது 'இன்னும்' என்று அமுக்க வேண்டும். எது அதிகமோ அதுதான் தீர்ப்பு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. போனில் அமுக்கினால் செல்லாது, போன் எங்கே வேண்டுமானாலும் போகுமாம், வீடு போகாதாம். ஊரே 'இன்னும்' என்று சொன்ன பிறகு ஒருவன் செத்துப்போனால் கம்பெனிக்கு என்ன பொறுப்பு? நல்லா படித்த வக்கீல்களாகப் பார்த்து உட்காரவைத்து யோசித்த விதி அது. நாசமாய்ப் போக.

என் தம்பி அதில் ஏன் போய் விழுந்தான் என்று கேட்பீர்கள். காசுக்கு என்று சொன்னால் பொய். அவனுக்குச் சண்டை பிடிக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அதோடு ஒரு தைரியம். முன்னே இரண்டு தடவை அவன் கீழே விழுந்தபோது, மணி அடித்ததும் எங்கள் போர்டு மொத்தமும் 'போதும்' அமுக்கி அவனை உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்தது. "என் ஊரு என்னைப் பாத்துக்கும்க்கா" என்பான். அந்த நம்பிக்கையில்தான் இந்தத் தடவை தன்னைவிட ஒன்றரைப் பங்கு எடையுள்ளவனோடு இறங்க ஒத்துக்கொண்டான்.

"சுரங்கம்னா இன்னா? எவன் தோண்டினான்?" என்றார் டேனியல் அண்ணன்.

"நான்தான் தோண்டினேன்" என்றேன். "அண்ணே, பழைய இன்டர்நெட்டுல முகவரி தீந்து போயி ரொம்ப நாளாச்சு. நம்ம போர்டு மொத்தத்துக்கும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. புதுசுல வூட்டுக்கு வூடு தனி முகவரி. அந்தப் புது லைனு ரோட்டுக்கு அந்தாண்ட, கண்ணாடி கேட் வரிக்கும் வந்துச்சு. ரோட்டைத் தாண்டி இந்தாண்ட வர்ல. எத்தினி தபா கேட்டுப் பாத்தேன், உங்க பக்கம் வந்தா எங்களுக்கு இன்னா லாபம்னுட்டானுங்க. சரிதான் போன்னுட்டு, பழைய லைனுக்குள்ளயே ஒரு குழாய் வுட்டு, சிங்கப்பூர்ல ஒரு மெஷின்லேர்ந்து புது முகவரி வாங்கியாந்து ஒவ்வொரு வூட்டுக்கும் குடுத்தேன். இது சிங்கப்பூர் இல்ல, மணற்கேணிதான்னு கம்பெனிக்கு எழுதியும் குடுத்தேன். இத்தினி நாளா நம்பினானுங்க."

"இப்போ?"

"இப்போ குழாய்ல வர்றவன்லாம் திருட்டுப்பயன்னுட்டானுங்க. காலையிலதான் மாத்தியிருக்கானுங்க போல. சனியனுங்க, இன்னிக்குப் பாத்து."

"இப்போ படம் வருமா வராதா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"குழாயை மூடிட்டு, எல்லாரையும் பழைய முகவரிக்கே திருப்பி வுட்டா வரும்."

"அப்ப வுடேன்டி!"

விட்டேன். மெஷின்கள் ஒருமுறை அணைந்து எரிந்தன. திரையில் எபியின் முகம் வந்தது. பிளாக் பிளாக்காக விசில் கிளம்பி என் பொந்து வரைக்கும் கேட்டது. டேனியல் அண்ணன் ரத்த மூக்கோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படம் வந்ததே பெரிது என்று இருந்துவிட்டேன். ஓட்டு என்ன ஆகும் என்று என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

எதிராளி பேர் பண்டரி. விதர்பா பக்கம் ஏதோ ஓர் ஊர். வண்டி மாடு மாதிரி கழுத்து. முதல் ரவுண்டில் எபி அவனைச் சுற்றிச் சுற்றி வந்து விலாவில் குத்தினான். அவன் அசையவே இல்லை, காத்திருந்தான். இரண்டாவது ரவுண்டில் ஒரு கையால் எபியின் பிடரியைப் பிடித்து இழுத்து, தன் முழங்காலில் அவன் முகத்தை மோதினான். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. எலும்பு நொறுங்குகிற சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவர்கள் மைக்கைத் தரையில் வைப்பார்கள். அந்தச் சத்தம் நாலாயிரம் வீட்டிலும் கேட்டது. எபி விழுந்தான். இடது கண் இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ வீங்கி வழிந்தது.

மணி அடித்தது.

எபியின் பெண்டாட்டி தபிதா எப்போது வந்தாள் என்று தெரியாது. என் பக்கத்தில் நின்றாள். மேசையில் கிடந்த ரிமோட்டை எடுத்து, இரண்டு கட்டைவிரலையும் வைத்து 'போதும்' அமுக்கினாள். எங்கள் போர்டில் ஒவ்வொரு வீட்டிலும் அதையேதான் செய்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரையில் கணக்கு வந்தது.

'சொந்த ஊர். போதும்: 1. இன்னும்: 614.'

"ஒண்ணா?" என்றாள் தபிதா. "அண்ணி, ஒண்ணுன்னு போட்டிருக்கான்."

அந்த வினாடிதான் எனக்குப் புரிந்தது. ஐயோ, பாவி! கம்பெனிக்கு ஒரு முகவரி என்றால் ஒரு வீடு. குழாயில் இருந்தால் நாங்கள் நாலாயிரம் வீடு, ஆனால் திருடர்கள். பழைய முகவரியில் இருந்தால் நல்லவர்கள், ஆனால் மொத்தமாக ஒரே ஒரு வீடு. யார் முதலில் அமுக்கினார்களோ அந்த ஒரு விரல்தான் கணக்கு. மிச்சம் அத்தனை பேரும் சும்மா பிளாஸ்டிக்கை அமுக்கிக்கொண்டிருந்தோம்.

கோதா கம்பெனியைக் கூப்பிட்டேன். பாட்டுப் போட்டுக் கழுத்தறுத்துவிட்டு ஒரு பெண் எடுத்தாள். யாழினி என்று பேர் சொன்னாள்.

"மேடம், உங்க குடியிருப்பிலிருந்து ஒரு வீடுதான் கனெக்ட் ஆகியிருக்கு."

"நாலாயிரம் வீடும்மா!"

"எங்க ஸ்க்ரீன்ல ஒண்ணுதான் காட்டுது மேடம். நீங்க புது முகவரிக்கு மாறிட்டீங்கன்னா..."

"மாறித்தானம்மா இருந்தோம்! அதைத்தானே இன்னிக்குக் காலையில திருட்டுன்னு அடைச்சீங்க!"

"அது பாதுகாப்புக்காக மேடம். சுரங்க இணைப்புல வெளியாட்கள் ஓட்டுப் போடறாங்கன்னு புகார் வந்தது."

"சரிம்மா, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அங்க அடிபட்டுக் கெடக்கிறவன் என் தம்பி. ஒரு கண்ணு போயிடிச்சு. சண்டையை நிறுத்தச் சொல்லும்மா, உன் காலைப் பிடிக்கிறேன்."

அந்தப் பெண் ஏதோ தட்டிப் பார்த்தாள், மறுபடியும் தட்டினாள்.

"மேடம், அது உங்க ஊர்க்காரங்க கையிலதான் இருக்கு" என்றாள். பிறகு, பழக்கதோஷம் போல, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றாள்.

போனைச் சுவரில் அடிக்கப் போனேன். டேனியல் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அறுநூத்திப் பதினாலு பேர் எவன் எவன்?" என்றார். "எவன் நம்ம பையனை இன்னும் அடின்னு சொல்றவன்?"

கம்பெனிக்குச் சொந்த ஊர் என்றால் பின்கோடு. எங்கள் பின்கோடில் இருப்பவை இரண்டே. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் கண்ணாடி கேட். மிச்சமெல்லாம் ஏரி. கண்ணாடி கேட்டுக்கு வேறு ஏதோ நீளமான பேர் உண்டு, எங்கள் வாயில் நுழையாது. ஆறு டவர், நீச்சல் குளம், வாசலில் பச்சைக் கண்ணாடியில் பெரிய கேட். எங்கள் பொம்பளைகளில் பாதிப் பேர் அங்கேதான் பாத்திரம் தேய்க்கிறார்கள், ஆம்பளைகளில் கொஞ்சப் பேர் அங்கேதான் காவல் நிற்கிறார்கள். அத்தனை வீட்டிலும் தனித்தனி முகவரி.

நான் சொல்லி முடிக்கவில்லை. கூட்டம் ஏற்கெனவே வெளியே ஓட ஆரம்பித்திருந்தது.

அந்தக் கேட்டை உடைத்தது எங்கள் தண்ணீர் லாரிதான். பின்னோக்கி வந்து இடித்தார்கள். கண்ணாடி கற்கண்டு மாதிரி உதிர்ந்தது. காவலர்கள் தடியோடு வந்தார்கள். அவர்களிலும் முக்கால்வாசி எங்கள் ஆட்கள். நாலாம் பிளாக் பாவாடைராயன், போன ஈஸ்டருக்கு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன், தன் சொந்த மச்சான் தலையிலேயே தடியால் அடித்தான். மச்சான் அவன் தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவன் கழுத்தை நெரித்தான். செங்கல் பறந்தது. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினான், விரலிடுக்கில் ரத்தம். இவ்வளவும் எதற்கு? ஒரு பொத்தானை அமுக்க.

பொம்பளைகள் அந்தக் கலவரத்தில் நுழையவில்லை. ஆறாம் பிளாக் செல்வராணி வேலைக்காரர் லிஃப்ட் பக்கம் கையைக் காட்டினாள். அறுபது எழுபது பேர் தினமும் போகிற வழியில் போனோம். அவரவர் வேலை செய்கிற வீடு அவரவருக்குத் தெரியும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார்கள் என்றால் நம்புவீர்களா? அந்த நேரத்திலும் பழக்கம் விடவில்லை.

நான் செல்வராணியோடு ஒன்பதாவது மாடிக்குப் போனேன். கிளம்புமுன் தபிதாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "நீ இங்கேயே இரு. மணி அடிச்சதும் மொதல் ஆளா அமுக்கு. ஒண்ணுன்னாலும் நம்ம ஒண்ணு."

கதவைத் திறந்தவர் எழுபது வயது இருக்கும். ஜகன்னாதன் சார். வெள்ளை பனியன், சிரித்த முகம். கீழே நடக்கிற கூத்து ஒன்பதாவது மாடிக்குக் கேட்கவே இல்லை போலிருக்கிறது.

"அட, செல்வராணி! ஞாயித்துக்கிழமை எதுக்கும்மா வந்தே? சரி வா, வா, உட்காரு. நம்ம ஏரியா பையன் ஆடறான், பாரு!"

சுவர் முழுக்க டிவி. அதில் மூன்றாவது ரவுண்டு. பண்டரி என் தம்பியின் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டிருந்தான். எபி கத்தவில்லை. வாயிலிருந்து பல்லோடு எச்சில் தரையில் விழுந்தது. தோள்மூட்டு கழன்ற சத்தம் அந்தப் பெரிய டிவியில் அறை முழுக்கக் கேட்டது. ஜகன்னாதன் சாரின் மனைவி சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுங்கோ" என்றார்.

மணி அடித்தது. சார் ரிமோட்டை எடுத்தார்.

"என்ன சார் அமுக்கப் போறீங்க?" என்றேன்.

"இதென்ன கேள்வி? இன்னும்தான்! விட்டுக்கொடுக்கலாமா? போன தடவை நல்லா ஆடிண்டிருந்தான், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரங்க பாதியிலேயே 'போதும்' போட்டு அவனைத் தோக்கடிச்சுட்டாங்க. பாவம், மனசு உடைஞ்சிருக்கும். அதான் எங்க அசோசியேஷன் குரூப்புல பேசி வச்சோம், இந்தத் தடவை நாம எல்லாரும் அவனுக்கு சப்போர்ட் பண்ணணும்னு."

ரிமோட்டைப் பிடுங்கக் கையை நீட்டினேன். செல்வராணிதான் பேசினாள்.

"ஐயா, அந்தப் பையனோட அக்கா இவங்க. அவன் செத்துட்டிருக்கான்யா."

"செத்துட்டிருக்கானா? அந்த ரத்தமெல்லாம்... அது செட்டப்பு இல்லையா?" என்றார். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. "ஏம்மா, நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? தெனமும்தானே வர்றே?"

"நீங்க கேக்கலையேய்யா" என்றாள் செல்வராணி.

நான் ரிமோட்டைப் பிடுங்கவில்லை. அவரே 'போதும்' அமுக்கினார். திரையில் கணக்கு வந்தது.

'சொந்த ஊர். போதும்: 38. இன்னும்: 571.'

முப்பத்தெட்டு! எங்கள் பொம்பளைகள் எந்தெந்த வீட்டில் கெஞ்சினார்களோ, எந்தெந்த வீட்டில் அறை வாங்கினார்களோ, அதற்கெல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு. மிச்ச வீட்டையெல்லாம் தட்டி, உட்கார்ந்து, விளக்கி, அழுது, அவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் என் தம்பிக்கு உடம்பில் என்ன பாக்கி இருக்கும்? அடுத்த மணிக்கு அவன் இருப்பானா என்பதே தெரியவில்லை.

டிவியில் எபி எழுந்து நின்றான். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. படுத்தே கிடக்க வேண்டியதுதானே, பைத்தியக்காரா! மேலே எதையோ நிமிர்ந்து பார்த்தான், தலையை ஆட்டினான், மறுபடி பண்டரியை நோக்கிப் போனான்.

அப்போதுதான் என் தொழில் எனக்கு ஞாபகம் வந்தது. கேபிள்காரர்களுக்குள் சண்டை என்றால் பேச்சுவார்த்தையா நடத்துவோம்? எதிராளியின் வயரை வெட்டுவோம். அந்தக் காலத்து லைன் சண்டையில் என் புருஷன் சூசை இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு மூன்று தெருவைப் பிடித்தவர். அறுநூறு பேரை 'போதும்' சொல்ல வைக்க முடியாது. ஆனால் அறுநூறு பேரையும் ஒன்றும் சொல்லவிடாமல் பண்ண முடியும். சொந்த ஊரில் மிச்சம் இருக்கப்போவது ஒரே ஒரு வீடு.

டேனியல் அண்ணனுக்குப் போன் போட்டேன். இரைச்சலுக்கு நடுவில் எடுத்தார்.

"அண்ணே, கேட்டை வுட்டுட்டு நம்ம போர்டுக்கு ஓடு. எல்லா வூட்லயும் டிவியை அணைக்கச் சொல்லு. ஒருத்தரும் பாக்கக் கூடாது. தபிதா ஒருத்திதான் பாக்கணும், அவ ஒருத்திதான் அமுக்கணும்."

"இன்னா உளர்றே? எபியைப் பாக்க வேணாம்னா கேப்பாங்களா?"

"எவனாவது கை தவறி 'இன்னும்'னு அமுக்கிட்டான்னா, அதான் நாலாயிரம் வூட்டுக்கும் ஓட்டு. புரியுதா? வயரைப் புடுங்கு, மெயினை அணை, இன்னா வேணா பண்ணு. ஓடு!"

ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

ஒன்பது மாடியும் படியில் இறங்கினேன். கீழ்த்தளத்தில் கார்களுக்குப் பின்னால், நான் நினைத்த இடத்திலேயே, அலமாரி மாதிரி இரும்புப் பெட்டி. ஆறு டவரின் லைனும் அதற்குள்தான். பக்கத்துச் சுவரில் கண்ணாடிக்குள் தீயணைப்புக் கோடாரி. முழங்கையால் கண்ணாடியை உடைத்தேன். முழங்கையும் கிழிந்தது.

முதல் வெட்டில் பூட்டு போயிற்று. கதவை இழுத்துத் திறந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம். பாவாடைராயன். ஒரு கண் மூடியிருந்தது, சட்டையெல்லாம் ரத்தம்.

"வேணாம் ரோஸக்கா. என் வேலை போயிடும்க்கா."

"உன் வேலைதாண்டா போவும், எபிக்கு உசுரே போயிடும்டா!"

நான் ஓங்கினேன். அவனும் ஓங்கினான். தடி என் வலது மணிக்கட்டில் விழுந்தது. உள்ளே முறிந்தது எனக்குக் கேட்டது. கோடாரி கீழே விழுந்தது. வலியில் கண்ணே தெரியவில்லை. இடது கையால் எடுத்தேன். அவன் மறுபடி ஓங்கினான், ஆனால் அடிக்கவில்லை. ஓங்கிய கையோடு நின்று அழுதுகொண்டிருந்தான். நான் இடது கையால், ஒழுங்காக வெட்டத் தெரியாத கையால், அந்தப் பெட்டியைக் கொத்தினேன். கறுப்பு வயர், மஞ்சள் வயர், எல்லாவற்றையும். பெட்டிக்குள் சின்னச் சின்னதாக எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகள் வரிசையாக அணைந்தன.

மேலே ஆறு டவரிலிருந்தும் ஒரே சமயத்தில் 'ச்சே' என்று ஒரு சத்தம் வந்தது.

மற்ற காவலர்கள் வந்து என் தலைமயிரைப் பிடித்து, சரிவுப் பாதை வழியாக வெளியே இழுத்துப் போனார்கள். என் போன் யாருடைய காலடியிலோ நொறுங்கியது. இனி எனக்கு ஒன்றும் தெரிய வழியில்லை. மணி அடித்ததா, தபிதா அமுக்கினாளா, அமுக்கும்போது என் தம்பி உயிரோடு இருந்தானா, எதுவும் தெரியாது. தரையில் முகத்தை அழுத்திப் பிடித்திருந்தார்கள். உடைந்த கேட் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் போர்டு மட்டும் தெரிந்தது. பதினெட்டு பிளாக், ஒரு டிவி சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அங்கே கேட்டதே கிடையாது.

பிறகு ஒரே ஒரு குரல். எட்டாம் பிளாக்கில், என் பொந்து இருக்கிற பக்கத்திலிருந்து, ஒரு பெண் அலறினாள். அது சந்தோஷமா ஒப்பாரியா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்து அந்தப் பிளாக் கத்தியது, அதற்கடுத்த பிளாக் கத்தியது, எல்லா வீட்டு ஜன்னலும் கத்தியது. அதற்குப் பிறகுதான் விசில் சத்தம் கேட்டது. விசில் கேட்டதும் நான் அந்தத் தரையிலேயே ஓவென்று அழுதேன்.

'சொந்த ஊர். போதும்: 1. இன்னும்: 0.'

மூன்றாவது நாள், மணிக்கட்டில் மாவுக்கட்டோடும், பக்கத்தில் ஒரு பெண் போலீஸோடும், பெரியாஸ்பத்திரிக்குப் போக அனுமதி கொடுத்தார்கள். வராந்தா முழுக்க எங்கள் ஜனங்கள். வீங்கிய மூக்கோடு டேனியல் அண்ணன். காதில் தையலோடு ஒருவன். செல்வராணி, கையில் ஒரு பிளாஸ்க். தூணுக்குப் பின்னால், யூனிபார்ம் இல்லாமல், பாவாடைராயன். யாரும் அவனை விரட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை.

"மூணு நாளா நிக்கிறோம் ரோஸு" என்றார் டேனியல் அண்ணன். "எங்களைப் பாக்க மாட்டேங்கிறான், தபிதா சொல்றதையும் காதுல வாங்க மாட்டேங்கிறான். உள்ள வந்தா பாட்டிலை எடுத்து அடிக்கிறான்."

உள்ளே போனேன். வாசலில் நின்ற நர்ஸ், "ஒருத்தர்தான் போகணும்" என்று சொல்லித்தான் விட்டாள். தபிதாவைக்கூட வெளியே அனுப்பிவிட்டிருந்தாள்.

எபி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முகத்தில் பாதிக்குக் கட்டு. இடது கண் இனி கிடையாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

"எபி" என்றேன்.

"ஸ்க்ரீன் பாத்தேன்க்கா" என்றான், திரும்பாமலே. உடைந்த தாடையில் வார்த்தை நசுங்கி வந்தது. "கோதாக்கு மேல பெரிய ஸ்க்ரீன் வச்சிருப்பான். ஒவ்வொரு மணிக்கும் நிமிந்து பாத்தேன். என் ஊரு, இன்னும் அறுநூத்திப் பதினாலு. சரி, என் ஊரு கேக்குது, எழுந்திரிப்போம்னு எழுந்தேன். மறுபடி பாத்தேன். மறுபடி இன்னும்னு இருந்துச்சு. கை போனப்புறமும் எழுந்தேன். உங்களுக்கெல்லாம் நான் இன்னாக்கா பண்ணேன்?"

எங்கிருந்து ஆரம்பிப்பது? முகவரியிலிருந்தா, குழாயிலிருந்தா, கண்ணாடி கேட்டிலிருந்தா?

"ஒருத்தரு மட்டும் போதும்னு சொன்னாங்க" என்றான். "மொதல்லயே சொன்னாங்க. ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. நடுவுல கொஞ்சம் பேரு சேந்தாங்க, கடைசியில எல்லாரும் போயிட்டாங்க, அந்த ஒண்ணு மட்டும் நின்னுச்சு. அவங்கதான் என்னை வெளியில கொண்டாந்தாங்க."

"ஆமாண்டா" என்றேன்.

"வெளியில நிக்கிறவங்க ஒருத்தர் மூஞ்சியிலயும் நான் முழிக்க மாட்டேன்க்கா. போகச் சொல்லிடு. அந்த ஒருத்தர் யாருன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா, அவங்களை மட்டும் உள்ள வரச் சொல்லு. நான் பாக்கணும்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வராந்தாவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்க" என்றேன். "எல்லாரும் உள்ள வாங்க."

நர்ஸ் குறுக்கே கையை நீட்டினாள். "இன்னாம்மா இது, ஊரையே கூட்டினு வர்றே? ஒருத்தர்தான் உள்ள போகணும்னு சொன்னேன் இல்ல?"

"ஒருத்தர்தாம்மா" என்றேன்.